திருட்டுப் பணத்தைத் துரத்தும் படம்: குறைந்த காசில் எடுப்பது எப்படி

முதல் படம் எடுக்கத் துடிக்கிற நண்பர்களிடம் கதை கேட்டால், பாதிப் பேர் கதையில் ஒரு பணப்பை இருக்கும். அதில் தப்பே இல்லை. ஒரு பை, அதைத் தொலைத்தவன், எடுத்தவன், தேடுகிறவன் என்று நாலு நடிகர்கள் இருந்தால் படம் ஓட ஆரம்பித்துவிடும். செட் வேண்டாம், பாட்டு வேண்டாம், பெரிய ஹீரோ வேண்டாம். பத்துப் பன்னிரண்டு லட்சத்தில் முழுநீளப் படம் எடுக்க நினைப்பவருக்கு இதைவிடத் தோதான கதை கிடைப்பது கஷ்டம்.

ஆனால் நான் உதவி இயக்குநராக இருந்தபோது படித்த ஸ்கிரிப்டுகளிலும், பிறகு நண்பர்கள் அனுப்பியதிலும், கவிழ்ந்தவை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் கவிழ்ந்தன. அந்தப் பணம் எவ்வளவு, எத்தனை கட்டு, எத்தனை கிலோ, இந்தக் காட்சியில் அது எங்கே இருக்கிறது, அது அங்கே இருப்பது யாருக்குத் தெரியும் என்று எழுதியவருக்கே தெரியாது. பை என்பது வெறும் பையாக இருக்கும், எல்லோரும் ஓடுவார்கள், பார்க்கிறவனுக்குப் பதற்றமே வராது. அதனால் இந்தக் குறிப்பு முழுக்கப் பையைப் பற்றித்தான். கேமரா, லென்ஸ் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

முதலில் பணத்தை எண்ணுங்கள்

கதைக்கு "ஒரு பெரிய தொகை" போதாது. ஒரு எண் வேண்டும். அந்த எண்ணை நோட்டாக மாற்றிப் பாருங்கள். ஒரு கோடி ரூபாய் 500 ரூபாய் நோட்டில் இருந்தால் 20,000 நோட்டு, அதாவது 200 கட்டு. ஒரு நோட்டுக்குச் சுமார் ஒரு கிராம் வைத்தால் இருபது கிலோ. ஒரு ஆள் தோளில் போட்டுக்கொண்டு நடக்கலாம், ஆனால் நடையிலேயே தெரிந்துவிடும். அதே ஒரு கோடி 100 ரூபாய் நோட்டில் இருந்தால் ஆயிரம் கட்டு, நூறு கிலோ. அதை ஒரு ஆள் தூக்க முடியாது, வண்டி வேண்டும், வண்டிக்கு ஒரு டிரைவர் வேண்டும், அவனுக்கு விஷயம் தெரியும். பாருங்கள், நோட்டின் மதிப்பை மாற்றியதுமே கதையில் புதிதாக ஒரு ஆள் வந்துவிட்டான்.

கதை எந்த வருஷம் நடக்கிறது என்பதையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். 2016 நவம்பர் 8 இரவுக்கு முன்னால் என்றால் பழைய 500, 1000 ரூபாய் நோட்டு. அதற்கப்புறம் என்றால் 2000 ரூபாய் நோட்டு வரும், ஒரு கோடி வெறும் ஐம்பது கட்டில் முடிந்துவிடும், சாப்பாட்டு கேரியர் பையில்கூட அடங்கும். 2023 மே மாதம் ரிசர்வ் வங்கி 2000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது, அதனால் இன்றைய கதைக்கு மறுபடி 500தான். இதில் ஒன்றைத் தப்பாக வைத்தால் தியேட்டரில் முதல் வரிசையில் இருப்பவன் கண்டுபிடித்துவிடுவான்.

என் இரண்டாவது ஸ்கிரிப்டில் இருந்து ஒரு உதாரணம் சொல்கிறேன். கதை ஈரோட்டில் நடக்கிறது. அங்கே ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் வரை நடக்கும், கேரளா, கர்நாடகா, ஆந்திரா வியாபாரிகள் வந்து மொத்தமாக வாங்கிப் போவார்கள், ரொக்கம் புரளும். ஒரு கடைக் குமாஸ்தா செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் வசூல் பணம் 38 லட்சத்தோடு டீக்கடையில் நிற்கிறான். பை தொலைகிறது. முதலில் 38 லட்சமும் 500 ரூபாய் நோட்டு என்று எழுதியிருந்தேன், 76 கட்டு, எட்டுக் கிலோகூட இல்லை. சந்தைப் பணம் அப்படி இருக்காதே என்று அப்புறம்தான் உறைத்தது. 28 லட்சம் 500 ரூபாயில், 10 லட்சம் நூறு ரூபாயில் என்று மாற்றினேன். 56 கட்டும் 100 கட்டும் சேர்ந்து 156 கட்டு, பதினைந்து கிலோவுக்கு மேல். இப்போது பையைத் திருடியவனுக்கு ஒரு பிரச்சினை வந்துவிட்டது. கனமான பாதியில் பத்து லட்சம், கனமில்லாத பாதியில் இருபத்தெட்டு லட்சம். ஓட வேண்டிய நேரத்தில் எதை விட்டுவிட்டு ஓடுவான்? அந்த ஒரு கேள்வியில் எனக்கு மூன்று காட்சி கிடைத்தது.

ஏன் யாரும் போலீஸுக்குப் போகவில்லை?

இதற்குப் பதில் இல்லாமல் அடுத்த பக்கம் எழுதாதீர்கள். டீக்கடையில் கேமரா இருக்கிறது, எதிர்க் கடையில் கேமரா இருக்கிறது, எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது, டவர் இருக்கிறது. போலீஸ் நினைத்தால் சாயங்காலத்துக்குள் பிடித்துவிடும் என்று பார்க்கிறவர் எல்லோருக்கும் தெரியும். அதனால் தொலைத்தவன் புகார் கொடுக்க முடியாத காரணம் கதையின் அடிக்கல்லிலேயே இருக்க வேண்டும்.

கணக்கில் வராத பணம் என்பது எளிய பதில். ஒரே நாளில் ஒரே ஆளிடம் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது, வங்கியில் பெரிய தொகையை ரொக்கமாகக் கட்டினால் பான் கேட்பார்கள். அதாவது பறிகொடுத்தவன் சொல்ல முடியாது, பறித்தவன் வங்கியில் போட முடியாது. இரண்டு பேரும் சந்துக்குள்ளேயே சுற்ற வேண்டும். உங்களுக்கு வேண்டியதும் அந்தச் சந்துதானே.

நான் இன்னொரு பூட்டும் போட்டேன்: கதையைத் தேர்தல் நேரத்துக்கு நகர்த்தினேன். நடத்தை விதிகள் அமலில் இருக்கும்போது ஆவணம் இல்லாமல் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் பறக்கும் படை பறிமுதல் செய்யும். ஜவுளிச் சந்தை வியாபாரிகள் தேர்தல் தேர்தலுக்கு இதைச் சொல்லி வருத்தப்படுவதைக் கேட்கலாம். ஈரோட்டுக்கும் பள்ளிபாளையத்துக்கும் நடுவில் காவிரிப் பாலம், அந்தப் பக்கம் நாமக்கல் மாவட்டம். பாலத்தில் சோதனை நடந்தால் பை ஈரோட்டிலேயே மாட்டிக்கொள்ளும். நடந்தே பத்து நிமிஷத்தில் கடக்கிற பாலத்தைத் தாண்ட முடியாமல் ஒரு ராத்திரி முழுக்கத் தவிக்கிறார்கள். இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு ஜீப்பும் நாலு காக்கிச் சட்டையும் போதும்.

ஆளுக்கு ஆள் தேவைப்படுகிற தொகையும் வேறாக இருக்கட்டும். குமாஸ்தாவுக்கு 38 லட்சமும் திரும்ப வேண்டும், ஒரு கட்டு குறைந்தாலும் அவன் திருடன். எடுத்த வேன் டிரைவருக்குத் தவணை கட்ட நாலு லட்சம் இருந்தால் போதும், மிச்சத்தை என்ன செய்வது என்றே அவனுக்குத் தெரியவில்லை. முதலாளியின் மைத்துனனுக்கு அந்தப் பணம் கிடைக்காமலே போனால் நல்லது, ஏனென்றால் தான் முன்பே எடுத்ததையும் அந்தப் பையோடு தொலைந்ததாகக் கணக்கு எழுதிவிடலாம். மூன்று பேரும் "எனக்குப் பணம் வேண்டும்" என்று ஓடினால் அது ஓட்டப் பந்தயம். ஒருவனுக்கு முழுசும், ஒருவனுக்குக் கொஞ்சமும், ஒருவனுக்கு ஒன்றுமே வேண்டாம் என்கிறபோதுதான் அவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேச விஷயம் இருக்கும்.

பை நோட்டு

ஒரு நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரிசை. முதல் கட்டத்தில் பை உண்மையில் எங்கே இருக்கிறது, அதில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று எழுதுங்கள். அடுத்தடுத்த கட்டங்களில் ஒவ்வொரு கதாபாத்திரமும் அது எங்கே இருப்பதாக நினைக்கிறது என்று எழுதுங்கள். கடைசிக் கட்டம் பார்வையாளருக்கு: இந்த நிமிஷம் அவர்களுக்கு என்ன தெரியும்?

எழுதிப் பார்த்தால் கோளாறு தன்னால் தெரியும். தொடர்ந்து ஆறு காட்சிகளில் எல்லாக் கட்டத்திலும் ஒரே பதில் இருந்தால், அதாவது பை வேனில் இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும், நமக்கும் தெரியும் என்றால், அந்த ஆறு காட்சிகளும் சும்மா நகர்கின்றன. அங்கே ஏதாவது ஒரு கட்டத்தை மாற்றுங்கள். பை வேனில் இல்லை என்பது நமக்குத் தெரிந்து குமாஸ்தாவுக்குத் தெரியாமல் இருந்தால், அவன் சும்மா டீ ஆற்றிக்கொண்டு நிற்பதையே ஐந்து நிமிஷம் பார்க்க வைக்கலாம். எனக்குப் பிடித்த வேலை இதுதான். துப்பாக்கி, கார், கண்ணாடி உடைவது எல்லாம் செய்கிற காரியத்தை ஒரு கட்டத்தில் எழுதிய ஒரு வார்த்தை செய்கிறது, அதுவும் இலவசமாக.

அந்த "எவ்வளவு இருக்கிறது" என்கிற கட்டத்தைச் சிலர் விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். டிரைவர் ஒரு கட்டைப் பிரித்துப் புதுச் செருப்பு வாங்கினால் அது பை நோட்டில் ஏற வேண்டும். அதற்கப்புறம் வருகிற எல்லா ஷாட்டிலும் அந்தச் செருப்பு இருக்க வேண்டும், பையில் ஒரு கட்டு குறைய வேண்டும், யாராவது ஒருவர் அந்தச் செருப்பைக் கவனிக்க வேண்டும். படப்பிடிப்பில் கன்டினியூட்டி பார்க்கிற உதவி இயக்குநருக்கும் இதே நோட்டைக் கொடுங்கள். காட்சி வரிசைப்படி எடுக்கப் போவதில்லை, 61ஆம் காட்சியை முதல் நாளும் 4ஆம் காட்சியைக் கடைசி நாளும் எடுப்பீர்கள், அப்போது பை எவ்வளவு உப்பியிருந்தது என்று ஞாபகத்தை நம்பினால் எடிட்டிங் டேபிளில் அழ வேண்டிவரும்.

வசனம் பற்றி ஒன்றே ஒன்று. "பணம் எங்கடா?" என்கிற வசனத்தை ஸ்கிரிப்டில் தேடி எடுத்து எண்ணிப் பாருங்கள். ஒரு தடவைக்கு மேல் வந்தால் அடியுங்கள். மைத்துனன் டிரைவரிடம் வந்து, "அண்ணா, வண்டி சாவிய எங்கீங்க வெச்சீங்க?" என்று மரியாதையாகக் கேட்டாலே டிரைவருக்கு வேர்க்கும். கொங்குப் பேச்சில் அந்த "ங்க" எவ்வளவு இனிமையோ, மிரட்டலில் வரும்போது அவ்வளவு பயமாக இருக்கும். உங்கள் ஊர்ப் பேச்சிலும் இப்படி ஒன்று கட்டாயம் இருக்கும், அதைக் கண்டுபிடியுங்கள்.

கையில் இருப்பதை எழுதி வைத்துக்கொண்டு கதை எழுதுங்கள்

1992இல் வந்த எல் மரியாச்சி படத்தை ராபர்ட் ரோட்ரிகஸ் சுமார் 7,000 டாலரில் எடுத்தார். அதில் ஒரு பகுதியை மருந்துப் பரிசோதனைக்குத் தன் உடம்பையே கொடுத்துச் சம்பாதித்தார். மெக்சிகோவின் எல்லையோரச் சிற்றூரில் எடுத்த படம் அது. அவர் செய்ததில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்று நான் நினைப்பது, எழுத உட்காரும் முன்பே என்னென்ன ஓசியில் கிடைக்கும் என்று பட்டியல் போட்டு, அந்தப் பட்டியலில் இருந்தே காட்சிகளை எழுதியது. நண்பர்கள் வசமிருந்த பஸ், மதுக்கடை, ஒரு நாய் எல்லாம் படத்தில் வந்தது அப்படித்தான்.

நம் ஊர்ப் பட்டியலை நினைத்துப் பாருங்கள். மாமாவின் அரிசி மண்டி, ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும் சாயப்பட்டறை, நண்பனின் டி.வி.எஸ். எக்ஸ்.எல்., சித்தப்பா கட்டிக்கொண்டிருக்கும் பாதி வீடு, தெரிந்தவர் நடத்தும் கல்யாண மண்டபம். ஆடி மாதத்தில் மண்டபம் காலியாகக் கிடக்கும், கேட்டால் கரண்டு பில்லுக்குக் கொடுத்துவிடுவார்கள். நூறு நாற்காலி கவிழ்த்து வைத்திருக்கும் அந்தக் காலி மண்டபத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து பணத்தைப் பங்கு போடுவதை நினைத்துப் பாருங்கள், எந்தச் செட் அதைக் கொடுக்கும்? (நாயையோ சேவலையோ நடிக்க வைத்தால் விலங்கு நல வாரிய அனுமதி வேண்டும், அதனால் அந்த யோசனையை எழுதும்போதே விட்டுவிடுவது நல்லது.)

இடங்களை ஐந்துக்குள் அடக்குங்கள், ஐந்தும் மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். ஒரு இடத்தில் இருந்து இன்னொரு இடத்துக்கு யூனிட் மாறினால், எவ்வளவு சின்ன யூனிட்டாக இருந்தாலும், ஒன்றரை மணி நேரம் போய்விடும். 95 பக்க ஸ்கிரிப்டைப் பதினான்கு நாளில் முடிக்க வேண்டுமென்றால் நாளைக்கு ஏழு பக்கம், ஒரு நாளில் இரண்டு முறை இடம் மாறினால் அது நடக்காது. அப்புறம் சாப்பாடு. பதினைந்து பேர், பதினான்கு நாள், ஆளுக்கு ஒரு நாளைக்கு 350 ரூபாய் என்று வைத்தாலே 73,500 ரூபாய். இதில் கைவைத்து மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். பேட்டா குறைந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள், சாப்பாடு மோசமானால் மூன்றாம் நாள் முகம் மாறிவிடும். நல்ல சமையல்காரர் ஒருவரைப் பிடியுங்கள், மற்றதில் குறையுங்கள்.

கொள்ளையைக் காட்ட வேண்டும் என்ற ஆசை வரும். 1992இலேயே வந்த ரிசர்வாயர் டாக்ஸ் நகைக் கொள்ளை பற்றிய படம், ஆனால் அந்தக் கொள்ளையே படத்தில் கிடையாது, முன்னும் பின்னும்தான். உங்கள் திருட்டுக் காட்சிக்கு நாற்பது ஆளும் ஒரு தெருவும் வேண்டும் என்றால், அது முடிந்து ஐந்து நிமிஷம் கழித்துக் கதையைத் தொடங்குங்கள்.

டம்மி நோட்டு: இதில் விளையாட வேண்டாம்

கலர் ஜெராக்ஸில் 500 ரூபாய் நோட்டு அடிக்கவே கூடாது. நோட்டைப் போலவே தோன்றும் தாள் அச்சடிப்பதே பாரதிய நியாய சன்ஹிதா 182ஆம் பிரிவில் குற்றம். அதில் ஒன்று காற்றில் பறந்து யாராவது பெட்டிக்கடையில் கொடுத்துவிட்டால், கள்ள நோட்டு வழக்கில் உங்கள் யூனிட் முழுக்கப் பதில் சொல்ல வேண்டும். சென்னை வடபழனி, சாலிகிராமம் பக்கம் படப்பிடிப்புக்கான பொருட்களை (ப்ராப்பர்ட்டி) வாடகைக்குக் கொடுப்பவர்களிடம் சினிமா நோட்டுக் கட்டு கிடைக்கும், தூரத்து ஷாட்டுக்கு அது போதும்.

கிட்டத்தில் காட்ட நான் செய்வது இது. பையின் வாயைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிவது பன்னிரண்டு, பதினைந்து கட்டுதான். அந்தப் பதினைந்துக்கும் மேலே ஒரு நிஜ நோட்டு, உள்ளே வெள்ளைத் தாள். 7,500 ரூபாயில் முடிந்தது. 500 ரூபாய் நோட்டின் அளவு 150 மில்லிமீட்டருக்கு 66. ஒரு ஏ4 தாளில் நாலு துண்டு வரும், 500 தாள் கொண்ட ஒரு ரீமில் இருபது கட்டு. பிரிண்டிங் பிரஸ்ஸில் கொடுத்தால் கட்டிங் மெஷினில் ஒரே சீராக வெட்டிக் கொடுப்பார்கள், கையால் வெட்டினால் ஓரம் காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளை ஓரம் கேமராவில் பளிச்சென்று தெரியும், அதனால் கட்டு கட்டிய பிறகு டீத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஓரத்தை லேசாக ஒற்றிக் காயவிடுங்கள். வங்கிச் சீட்டு போல ஒரு பட்டைத் தாள், அதில் பெயர் எதுவும் வேண்டாம், தேதியும் ஒரு கிறுக்கல் கையெழுத்தும் போதும். சந்தைப் பணம் என்றால் பட்டைகூட வேண்டாம், ரப்பர் பேண்ட்.

பைக்கு உள்ளே கீழ்ப்பகுதியில் பதினைந்து கிலோ எடை போடுங்கள். அரிசி நல்லது, பையின் உருவம் இயல்பாக இருக்கும். காலிப் பையைத் தூக்கிக்கொண்டு கனமாக இருப்பதாக நடிப்பதை எந்த நடிகரும் முழுசாகச் செய்துவிட முடியாது, தோள்பட்டை பொய் சொல்லாது. எடையோடு இரண்டு படிக்கட்டு ஏறச் சொல்லுங்கள், அந்த மூச்சிரைப்புக்கு ரிகர்சலே தேவையில்லை.

தினமும் பேக்கப் சொன்னதும் நிஜ நோட்டுகளை எண்ணி ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். யார் மேலும் சந்தேகப்படுவதற்காக இல்லை. ஒன்று குறைந்துவிட்டால் பதினைந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கிற பார்வை அடுத்த நாள் வேலையைக் கெடுத்துவிடும். எண்ணி வைத்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடம் இல்லை.

ஒத்திகை, பிறகு ஓட்டம்

1998இல் வந்த ஃபாலோயிங் படத்தைக் கிறிஸ்டோபர் நோலன் லண்டனில் சுமார் ஆறாயிரம் டாலரில், கிட்டத்தட்ட ஒரு வருஷம், சனிக்கிழமை சனிக்கிழமையாக எடுத்தார். எல்லோருக்கும் வேறு வேலை இருந்தது. ஃபிலிம் விலை கட்டுப்படியாகாது என்பதால் நாடகம் போல ஒத்திகை பார்த்துப் பார்த்து, ஒன்று அல்லது இரண்டாவது டேக்கிலேயே முடித்தார்கள். இன்றைக்கு நமக்கு ஃபிலிம் செலவு இல்லை, ஆனால் நேரச் செலவு இருக்கிறது, அதனால் அந்தப் பழக்கம் இன்னும் செல்லும். ஷூட்டிங்குக்கு முன்னால் இருபது சாயங்காலம் மொட்டை மாடியில் ஒத்திகை பாருங்கள். ஒரு தண்ணீர் கேன் போதும், வேறு செலவில்லை. என் முதல் படத்தில் ஒத்திகை பார்த்த காட்சிகள் எல்லாம் முற்பகலிலேயே முடிந்தன, பார்க்காத ஒரே ஒரு காட்சி இரண்டு நாளைத் தின்றது.

துரத்தல் காட்சியை வேகமாக எடுக்க முயலாதீர்கள். மெதுவாக, பாதுகாப்பாக, துண்டு துண்டாக எடுத்து, எடிட்டிங்கிலும் சத்தத்திலும் வேகம் கொடுங்கள். வண்டி இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகட்டும், கேமராவைத் தரையோடு தாழ்த்தி, லென்ஸுக்கு அருகே செடியோ கம்பியோ கடந்துபோகும்படி வைத்தால் அறுபது போலத் தெரியும். நடிகர் ஓட்டும்போது கேமராமேன் பின்னால் திரும்பி உட்கார்ந்து எடுப்பதை நான் அனுமதிப்பதே இல்லை. எந்த ஷாட்டும் ஒரு ஆளின் முதுகெலும்புக்கு ஈடாகாது.

பொது இடத்தில் எடுக்கும்போது எழுத்தில் அனுமதி வாங்குங்கள், அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் ஒரு கடிதம் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் படப்பிடிப்பில் கேமராவை எதிர்மாடியில் மறைத்து வைத்து, பஸ் நிலையத்தில் நடிகரைப் பையோடு ஓடவிட்டோம், பின்னால் இன்னொருவர் "திருடன், பிடிங்க" என்று கத்திக்கொண்டு ஓடினார். பழக்கடைக்காரர் ஒருவர் நிஜமாகவே காலைக் குறுக்கே நீட்டினார், நாலு பேர் சேர்ந்து அடித்துவிட்டார்கள். நடிகருக்கு உதடு கிழிந்தது. அடித்தவர்கள் மேல் தப்பில்லை, அவர்கள் நல்ல மனசோடு ஓடி வந்தவர்கள். சுற்றி நான்கு பக்கமும் ஆள் நிறுத்திச் சொல்லாதது என் தப்பு. அன்றிலிருந்து கூட்டத்தில் எடுக்கிற எந்தக் காட்சியிலும் கத்துகிற வசனத்தை வைப்பதில்லை, அதை டப்பிங்கில் சேர்க்கிறேன். போலீஸ் உடுப்பில் இருக்கும் நடிகர்கள் ஷாட் முடிந்ததும் மேலே ஒரு சட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டும், அப்படியே போய் டீ குடிக்கக் கூடாது. விளையாட்டுத் துப்பாக்கியை உறையை விட்டு வெளியில் எடுத்து வைக்கவும் கூடாது.

இரவுக் காட்சிகளுக்கு வெளிச்சம் வாங்காதீர்கள், வெளிச்சம் இருக்கிற இடத்துக்குப் போங்கள். பெட்ரோல் பங்க், பரோட்டாக் கடை, ஏ.டி.எம். அறை, மருந்துக்கடை வாசல். பகலில் வெயிலை முகத்தில் திருப்பிவிடத் தெர்மாகோல் அட்டை இரண்டு போதும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் ஷட்டரை 1/50இல் வையுங்கள் (24 ஃபிரேமில் எடுத்தால் 172.8 டிகிரி), இல்லாவிட்டால் டியூப்லைட்டும் எல்.இ.டி.யும் திரையில் துடிக்கும். துடித்ததை டி.ஐ.யில், அதாவது படம் முடிந்தபின் நிறம் சரிசெய்யும் இடத்தில், சரி செய்ய ஆகும் காசுக்கு இன்னொரு நாள் ஷூட்டிங் நடத்தலாம்.

சத்தத்துக்குக் கொஞ்சம் தாராளமாகச் செலவு செய்யுங்கள். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரையும் அமைதியாக நிறுத்தி ஒரு நிமிஷம் அந்த அறையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். அதோடு பையின் சத்தங்களைத் தனியாக எடுங்கள்: ஜிப் திறப்பது, தரையில் வைப்பது, இழுப்பது, ரப்பர் பேண்ட் கழற்றுவது, விரலில் எச்சில் தொட்டு நோட்டு எண்ணுவது. பார்வையாளருக்கு ஜிப் சத்தம் பழகிவிட்டால், முப்பதாவது நிமிஷத்துக்கு மேல் பையைக் காட்டவே வேண்டாம், இருட்டில் ஜிப் சத்தம் கேட்டாலே நிமிர்ந்து உட்காருவார்கள். டீக்கடை ரேடியோவில் ஓடுகிற பாட்டை மட்டும் நிறுத்தச் சொல்லிவிடுங்கள், அது பதிவில் ஏறிவிட்டால் உரிமைச் சிக்கல்.

டேபிளில்

ஒவ்வொரு நாள் எடுத்ததையும் அன்று இரவே இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, இரண்டையும் வெவ்வேறு வீட்டில் வையுங்கள். ரஃப் கட் (முதல் தோராயத் தொகுப்பு) முடிந்ததும் பை நோட்டை மறுபடி எடுத்து, கடைசிக் கட்டத்தை, அதாவது பார்வையாளருக்கு என்ன தெரியும் என்பதை, படத்தைப் பார்த்தே புதிதாக எழுதுங்கள். ஸ்கிரிப்டில் எழுதியதோடு ஒத்துப்போகாது. கதை தெரியாத மூன்று பேரை உட்காரவைத்து, இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, "பை இப்ப எங்க இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், உங்கள் மனம் நோகாமல் பதில் சொல்வார்கள். பை எங்கே என்ற கேள்விக்கு மூன்று பேரும் மூன்று பதில் சொன்னால், அது நீங்கள் வேண்டுமென்றே செய்த குழப்பமா, தவறிப்போய் வந்ததா என்று உங்களுக்கே தெரியும். என் முதல் படத்தில் நாற்பதாவது நிமிஷத்தில் இப்படி ஒரு ஓட்டை இருந்தது. ஒரே ஒரு ஷாட், டிரைவர் பையைத் தூக்கி வேன் சீட்டுக்கு அடியில் தள்ளுவது, அதைப் பேட்ச் ஒர்க்காக, அதாவது படப்பிடிப்பு முடிந்த பிறகு தனியாக, எடுத்துச் சேர்த்தோம், அதற்குப் பின் வந்த இருபது நிமிஷமும் நிமிர்ந்துவிட்டது.

தியேட்டருக்குப் போவதாக இருந்தால் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ என்பது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ரத்தமும் கெட்ட வார்த்தையும் எவ்வளவு என்பதை எழுதும்போதே அதற்குத் தக்கபடி முடிவு செய்யுங்கள். சிகரெட் பிடிக்கும் காட்சி இருந்தால் எச்சரிக்கை வாசகம் போட வேண்டும். நடித்தவர்களிடமும் இடம் கொடுத்தவர்களிடமும் கையெழுத்து வாங்கிய தாள்களை ஒரே ஃபைலில் வையுங்கள், படத்தை யாராவது வாங்க வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

கடைசி நாள் பூசணிக்காய் உடைத்ததும் எல்லோருக்கும் கையைக் கழுவிவிட்டுப் போகத் தோன்றும். பையை மட்டும் கலைக்காதீர்கள். அரிசியை எடுத்துவிட்டு, கட்டுகளை அப்படியே ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு, பையின் கடைசி நிலையை நாலு பக்கமும் போட்டோ எடுத்து, பை நோட்டோடு சேர்த்து வையுங்கள். ஆர்.ஆர். (பின்னணி இசை) முடிந்து, மிக்ஸிங் முடிந்து, ஃபர்ஸ்ட் காப்பி பார்க்கிற வரைக்கும் இன்னும் ஒரு குளோசப் தேவைப்படலாம். அது கைக்கு வந்த பிறகு நிஜ நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, தாள் கட்டுகளைப் பிரித்து எரித்துவிடுங்கள்.